பதினோரு சாம்பல் புள்ளிகள்

தையல் கடைத் தரையில் சிதறிய குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது பெட்டியம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. கடைகூட அவளுடையது இல்லை, நாத்தனாருடையது. ஆனாலும் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும், மாடியிலிருக்கிற வீட்டுக்கு ஏறுவதற்கு முன்னால், கைப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள். டக், டக்கென்று ஊசிகள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். பெரியது, சின்னது, தலை போனது என்று மூன்று டப்பாக்களில் பிரித்துப் போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

“தலை போன ஊசியை எதுக்குடி சேர்த்து வைக்கறே?” என்பாள் நாத்தனார், வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டே.

“தூக்கிப் போடத்தான் அண்ணி. தனியா வெச்சாத்தானே தூக்கிப் போட முடியும்?”

“நல்ல பொம்பளை. குப்பையைக்கூட அடுக்கி வெச்சுத்தான் கொட்டுவே.”

கடை இரண்டு பகுதி. உள்ளே செங்கல் சுவர் வைத்த சின்ன அறை. ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, ஓர் ஆள் நிற்க இடம். வெளியே நடைபாதையை ஒட்டித் தகரம் அடித்து நாலு வருஷத்துக்கு முன் சேர்த்த பகுதி. அங்கேதான் வெட்டு மேஜை. ஆறடி நீளம். அந்த மேஜை வருவதற்கு முன் நாத்தனார் பதினாறு வருஷம் இன்னொருவர் கடையில் காஜா மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமும் யாரோ வெட்டிய துணியில் ஓட்டை போட்டது போதும் என்று வந்து, இந்த மேஜையில்தான் முதன்முதலாகச் சொந்தமாகக் கத்தரி வைத்தாள். அதன்மேல் காபி டம்ளர் வைத்தால்கூடக் கத்துவாள்.

மேஜையின் தலைமாட்டில், தரையோடு தரையாக நடப்பட்ட மாதிரி, இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கட்டை. நடைபாதையோடு கூட வந்தது. தகரம் அடித்தவர்கள் பிடுங்கப் பார்த்தார்கள், அசையவில்லை. நாத்தனார் அதற்குப் பழைய கம்பளியைச் சுற்றி, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, சட்டைக் காலரையும் கைமடிப்பையும் அதன் உருண்டைத் தலைமேல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். வாங்கின எந்தப் பலகையும் அப்படி வாகாக இல்லை. பெட்டியம்மாவின் கணவர்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்.

“வந்த நாள்லேருந்து ஒரு வேலை செய்யலை. வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு நடுவுல நிக்கறான். நாமதான் சுத்திப் போகணும்.”

“உன் மாமியார் வீட்டுல உன்னைப் பத்தி இப்படித்தான் பேசிக்கறாங்களாடா?” என்றாள் அவருக்கு அக்காவான நாத்தனார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

காந்தம் மாப்பிள்ளை பக்கம் போனால் மட்டும் தொப்பென்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது. இரண்டு கையாலும் இழுத்துப் பிய்க்க வேண்டும். ஒருநாள் அந்தத் துணி அழுக்காயிருக்கிறதே, துவைத்துப் போடலாம் என்று பெட்டியம்மா முடிச்சில் கை வைத்தாள். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

“மாப்பிள்ளைக்கு உடை மாத்தறது என் வேலை. நீ ஊசியைப் பொறுக்கு.”

சரி, அவரவர் வேலை அவரவருக்கு. பெட்டியம்மா அதோடு விட்டுவிட்டாள்.

பெட்டியம்மா என்ற பெயர் அலுவலகத்தில் வந்தது. நகர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வரைபடப் பிரிவு. நாலு மேஜை, ஒரு பெரிய பிரிண்டர், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத ஒரு செடி. தட்டச்சு செய்ய வந்தவள், பக்கத்து மேஜைக்காரர் விடுப்பில் போன ஒரு மாதத்தில் வரைபட மென்பொருளைத் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். படம் வரைவதில் மற்றவர்கள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் படத்தின் மூலையில், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்கிற அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. யார் படம் செய்தாலும் கடைசியில், “பெட்டியை மட்டும் அந்தம்மாகிட்ட குடுத்துடு” என்பார்கள்.

மென்பொருள் தானாகப் போடுகிற பெட்டி, பார்க்கச் சகிக்காது. கோப்புக்கு அவசரத்தில் வைத்த பெயர் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும்: குழாய்_புது, குழாய்_கடைசி, குழாய்_நிஜமாவே_கடைசி. ஆறும் சாக்கடையும் ஒரே நீலத்தில் கோடாக நிற்கும். பெட்டியம்மா முதலில் தானாக மாறுகிற வசதியை அணைப்பாள். பெயர்களை மனிதர் பேசுகிற பெயராக மாற்றுவாள். மேலே புள்ளிகள், நடுவில் கோடுகள், கீழே நிறம் நிரப்பிய பகுதிகள். நீளமான பெயரை இரண்டாக மடிப்பாள். அடையாளங்கள் எல்லாம் ஒரே அகலம். படத்தில் இல்லாத எதுவும் பெட்டியிலும் இருக்கக் கூடாது. கடைசியாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். எழுத்து தெரியாத அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாலும் பெட்டி பெட்டியாகத் தெரிய வேண்டும்.

அவளுக்கு ஆகாதது ஒன்று உண்டு. புள்ளிகளை வகை பிரித்து நிறம் கொடுத்தால், மென்பொருள் தானாகக் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும்: மற்றவை. எந்த வகையிலும் சேராதவற்றுக்காக. பெட்டியிலிருந்து மட்டும் அதை நீக்கினால், அடுத்தமுறை புதுப்பிக்கும்போது வெட்கமில்லாமல் திரும்பி வந்து உட்காரும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டிக்குப் போகாமல், நிறம் கொடுக்கிற இடத்துக்கே போய் அந்த வகையை அடியோடு அழித்துவிடுவது. பிறகு திரும்பி வரவே வராது. இந்த வித்தையை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள்.

அந்தத் திங்கள்கிழமை தீயணைப்பு நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. நிலைய அதிகாரி.

“மேப் செக்‌ஷனா? உங்க படத்துல ஐம்பத்து மூணு குழாய் இருக்கும்மா. விரல் வெச்சு எண்ணினேன்.”

தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கிற தெருக் குழாய்களின் படம் அது. மூன்று வருஷமாக வருஷத்துக்கு ஒன்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஒன்று நிலையத்துச் சுவருக்கு, ஒன்று வண்டிக்குள். நீலம் வேலை செய்வது, சிவப்பு செய்யாதது, மஞ்சள் பழுது பார்ப்பது. இந்த வருஷத்துப் படம் வெள்ளிக்கிழமை காலையில் அச்சுக்குப் போக வேண்டும்.

“ஆமா சார், ஐம்பத்து மூணுதான்.”

“எங்க பதிவேட்டுல அறுபத்து நாலு.”

“பழைய பதிவேடா இருக்கும் சார்.”

“குழாயும் பழசுதாம்மா. இரும்பு, எழுந்து நடந்து போகாது. மத்த பதினொண்ணு எங்கே?”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தாள். முதலில் கோபம்தான் வந்தது. களத்துக்குப் போய்த் தகவல் எடுத்துவந்த ஃபிட்டர்மேல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் அவன் பெயரே ஸ்பேனர். விட்டுவிட்டு வந்திருப்பான் என்று அட்டவணையைத் திறந்தாள். அறுபத்து நாலு வரிசைகள் இருந்தன. ஒன்று குறையவில்லை. பதினோரு வரிசைகளில் மட்டும் நிலைமை என்கிற கட்டம் காலியாக இருந்தது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

அப்போதுதான் கை நின்றது. நிறம் கொடுக்கிற இடத்துக்குப் போய், தான் அழித்த வகையைத் திரும்பச் சேர்த்தாள். படத்தில் பதினோரு சாம்பல் புள்ளிகள் முளைத்தன.

மூன்று வருஷம். அவள் பெட்டியைத் துடைத்தபோது பதினோரு குழாய்கள் தெருவிலிருந்தே துடைபட்டுப் போயிருக்கின்றன. காது சுட்டது. ஆனால் அது அரை நிமிஷம்தான். பிறகு அவளைப் பிடித்துக்கொண்டது வேறொன்று: இவை என்ன? வேலை செய்கிறது, செய்யவில்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியாத ஓர் இரும்புக் குழாய் எப்படி இருக்கும்?

அட்டவணையை வலப்பக்கம் இழுத்தாள். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. பெட்டிக்கு வராத பத்தி என்பதால் அவள் இதுவரை அங்கே போனதேயில்லை. ஸ்பேனர் எழுதி வைத்திருந்தான். ‘மேல வேன் நிக்குது.’ ‘ரோடு கழுத்து வரைக்கும் வந்துடுச்சு.’ ‘காலையில மட்டும்.’ ‘பாதி ஸ்கூலுக்குள்ள.’ ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசிக் குறிப்பு: ‘துணி கட்டியிருக்கு. கேக்கலை.’

அந்தப் புள்ளி எங்கே என்று படத்தைப் பெரிதாக்கினாள். தெருமுனை. மூன்றாவது கட்டடம். அவள் வீடு.

ஏதோ சில அடி தள்ளி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு காந்தம் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாகத் தீயணைப்புக் குழாய்களைப் புள்ளியாகப் பார்த்தவளே தவிர, இரும்பாகப் பார்த்தவள் இல்லை.

ஸ்பேனரை மாடிப்படியில் பிடித்தாள்.

“ஏன்ப்பா, பதினோரு கட்டத்தைக் காலியா விட்டிருக்கே?”

“என்னத்தை எழுதறது மேடம்? நீங்க மூணு வார்த்தைதான் குடுத்தீங்க. ஒரு குழாய் காலையில எட்டு மணி வரைக்கும் பீறிட்டு அடிக்குது, எட்டரைக்குக் காத்து வருது. அது வேலை செய்யுதா, செய்யலையா? நீங்களே சொல்லுங்க.”

“சரி, அந்தத் துணி கட்டினது?”

ஸ்பேனர் சிரித்துவிட்டான். “ஒரு தையல் கடை மேடம். நான் போனப்போ அந்தம்மா அதும்மேல காலரை வெச்சுத் தேச்சுக்கிட்டிருக்காங்க. கையில சூடா இஸ்திரிப் பெட்டி. நீங்கன்னா கேப்பீங்களா?”

“அது எங்க அண்ணி,” என்றாள் பெட்டியம்மா.

செவ்வாயிலிருந்து மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஸ்பேனரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் புள்ளிகளைப் பார்க்கப் போனாள். கோப்புகளையே பார்த்திருந்தவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் கழுத்தளவு புதைந்து, மூடி மட்டும் வெளியே தெரிகிற குழாய். ஸ்பேனர் குப்புறப் படுத்துத் திறந்தான், தண்ணீர் முகத்தில் அடித்தது. நீலம். பள்ளிக்கூடச் சுவரைக் கட்டியவர்கள் இடிக்கவும் மனமில்லாமல் நகரவும் மனமில்லாமல் சரியாகப் பாதியில் சுவர் எழுப்பியிருந்த குழாய். திருகு உள்ளே, வாய் வெளியே. வாட்ச்மேன் உள்ளிருந்து திருக, ஸ்பேனர் வெளியிலிருந்து, “இன்னும், இன்னும்” என்று கத்தினான். துரு மட்டும் கொட்டியது. சிவப்பு. அசையாமல் நின்ற வேன் பொம்மை வியாபாரியுடையது. நாலு பேர் தள்ளி நகர்த்தினார்கள். அடியில் இருந்த குழாயைப் பார்த்து வியாபாரியே, “அட, இங்க ஒண்ணு இருக்கா!” என்றார். காலையில் மட்டும் வருகிறதைத் தண்ணீர்ப் பிரிவிடம் கேட்டு மஞ்சளில் சேர்த்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் அலுவலகம் வந்து கட்டத்தை நிரப்புவாள். ஒரு சாம்பல் புள்ளி நிறம் மாறும்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போல ஊசி பொறுக்கினாள். மாப்பிள்ளை பக்கம் மட்டும் போகாமல் சுற்றிப் போனாள்.

வியாழன் மதியம் ஒரே ஒரு சாம்பல் புள்ளி மிச்சம். அதற்காகப் பெட்டியில் நாலாவதாக ஒரு வரி: பார்க்க வேண்டியது. மூன்று வரிக்கு அளவெடுத்த பெட்டி நாலாவதில் கொஞ்சம் தெற்குப் பக்கத் தெருவை மறைத்தது. பிரிவுத் தலைவர் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்னம்மா, உங்க பெட்டியா இது?”

“ஒரு புள்ளி பாக்கி சார்.”

“ஒரு புள்ளிக்கு ஒரு வரியா? எங்கயாவது தள்ளிவிடுங்க. சிவப்புல போடுங்க. கேட்டா வேலை செய்யலைன்னு சொல்லிக்கலாம்.”

“வேலை செஞ்சா?”

“செஞ்சா நல்லதுதானே?”

அவர் போய்விட்டார். தப்பாகவும் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு புள்ளி. பெட்டியம்மா நிலைய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டாள், ஒரு தகவலுக்காகத்தான் கேட்கிற மாதிரி. நடைபாதையில் ஏதாவது கட்டி, குழாயை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

“குழாயில தண்ணி இல்லைன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்தா, சுத்தி மூணடி காலியா இருக்கணும். அன்னிக்கே பிரிச்சுடுவோம். எந்தத் தெரு?”

“நாளைக்குச் சொல்றேன் சார்,” என்றாள்.

மூன்றடி காலி என்றால் தகரச் சுவர் போய்விடும். வெட்டு மேஜை உள்ளறைக்குள் நுழையாது. அவள் அளந்தே பார்த்திருக்கிறாள். மேஜையைப் போட்டால் மெஷின் வெளியே, மெஷினைப் போட்டால் ஆள் வெளியே.

படத்தை ஒரு தாளில் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஸ்பேனரைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நாத்தனார் பள்ளிச் சீருடைக்கு நீலத் துணியை மேஜைமேல் நாலு மடிப்பாக விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியம்மா துணிமேலேயே படத்தை விரித்தாள். காபி டம்ளருக்குக் கத்துகிறவள் இதற்குக் கத்தவில்லை, குனிந்து பார்த்தாள். பெட்டியம்மா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: அழித்த வரியை, பதினோரு புள்ளியை, மூன்றடியை, காலை எட்டு மணியை.

நாத்தனார் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சாம்பல் புள்ளிமேல் வைத்து அளந்தாள்.

“கால் இஞ்ச்கூட இல்லை. இதுக்கா என் சுவரை இடிக்கணும்?”

“தண்ணி இல்லைன்னா இடிக்க வேண்டாம் அண்ணி. சிவப்பு போட்டுடுவேன். பெட்டியும் மூணு வரியோட முடிஞ்சுடும்.”

“அப்ப சிவப்பே போடு.”

“தெரியாம எப்படிப் போடறது?”

“மூணு வருஷமா தெரியாமத்தானே போடாம இருந்தே? அப்ப எந்த ஊரு பத்திக்கிச்சு?”

அதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம்.

“அந்த ஸ்பேனர் பையன் வந்தா டீ குடுத்து அனுப்பிடறேன்,” என்றாள் நாத்தனார். “அவன் பயந்தாங்கொள்ளி. நீ பேசாம இருந்தாப் போதும்.”

“அதில்லை அண்ணி. உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. நாலு வருஷமா பக்கத்துலயே நிக்குது.”

“உனக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். தெரிஞ்சு, அதுக்கு ஒரு டப்பா வேற வெக்கணும்.” சொல்லிவிட்டுக் கத்தரியைத் துணியில் வைத்தாள், வெட்டவில்லை. “இந்த மேஜை போனா நான் மறுபடியும் காஜாதான் எடுக்கப் போகணும். அதுக்கு என்ன நிறம் வெச்சிருக்கே?”

பெட்டியம்மா படத்தைச் சுருட்டினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. காந்தத்தை எடுத்துத் தரையில் இழுத்தாள். கதவோரம் இரண்டு ஊசி, மேஜைக்காலடியில் ஒரு கொத்து. மூன்று நாளாகச் சுற்றிப் போன இடத்துக்கு இன்று நேராகப் போனாள். காந்தம் தொப்பென்று மாப்பிள்ளையின் காலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் பிய்த்தபோது கம்பளியின் ஓரம் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. காந்தத்தில் ஊசியில்லை. செம்மண் மாதிரித் துரு அப்பியிருந்தது; விரலால் தொட்டால் கொழகொழவென்றிருந்தது.

மண்டி போட்டுக் கம்பளிக்குள் கையை விட்டாள். உள்பக்கம் ஜில்லென்று நனைந்திருந்தது. அடியில், இரும்பைச் சுற்றி வளைத்தாற்போல் ஒரு துண்டு; பிழிந்து, நேர்த்தியாக மடித்து வைத்த துண்டு. அதற்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. மாடிச் சமையலறையில் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த தட்டு. அதில் பாதிக்குத் தண்ணீர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்பின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, தட்டில் விழுந்தது.

பெட்டியம்மா மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, டேப்பை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இந்தத் தட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கொட்டறீங்க?”

நாத்தனார் டேப்பைச் சுற்றி முடித்தாள். நீலத் துணியைக் கோடு கலையாமல் மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கத்தரியையும் எடுத்துக்கொண்டு, மேஜையைக் காலியாக விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள்.